அண்ணாந்து குடிக்கும் குடும்பம்

என் அக்காவுக்குத் தண்ணீர் குடித்தால் இருமல் வந்தது. சோறு சாப்பிட்டால் வரவில்லை, தோசை சாப்பிட்டால் வரவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தால் வரவில்லை. தண்ணீர், மோர், காப்பி என்று எதெல்லாம் ஓடுமோ அதெல்லாம் தொண்டையில் இறங்கியதும் புரையேறும். கண்ணில் நீர் கோத்து, முகம் சிவந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மூளை உள்ளவன் யோசிப்பதற்கு இந்த ஒரு தகவலே போதும். எங்கள் சொந்தத்தில் மூளையைவிட வாய் ஜாஸ்தி.

நான் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடிய பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு செம்மண்டலத்தில். அக்காவைக் கட்டிக்கொடுத்தது சிதம்பரத்தில். டிக்கெட் கிழித்த காலம் முழுக்க ஜனங்களின் பேச்சைக் கேட்டுக் காது தேய்ந்தவன் என்பதால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். வழி தெரியாதவன்தான் பஸ்ஸில் சத்தமாக வழி சொல்வான். ஆலப்பாக்கத்தில் இறங்க வேண்டிய கிழவரைப் பிடித்து உட்காரவைத்து, புதுச்சத்திரத்தில் இறக்கிவிட்டு, 'இப்படியே நேரா போங்க' என்று கை காட்டும் ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். அக்காவுக்கு வைத்தியம் சொன்னவர்கள் அத்தனை பேரும் அந்த ரகம்.

அவர்களுக்கெல்லாம் தலைவர் என் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர். தலைமையாசிரியராக இருந்தவர். பணி ஓய்வின்போது நாற்காலியைத் திரும்ப வாங்கிக்கொண்ட அரசாங்கம், குரலை மட்டும் அவரிடமே விட்டுவிட்டது. 'ரோட்டை எப்படிக் கடக்க வேண்டும்' என்று என்னிடம், பஸ்ஸிலேயே தலை நரைத்த என்னிடம், விளக்கிய மனிதர்.

அவர் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. டம்ளரில் யாரும் வாய் வைக்கக் கூடாது. எச்சில் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். நானும் அப்படித்தான் குடிப்பேன். ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே பாட்டிலை உயர்த்தி ஒரு சொட்டு சட்டையில் சிந்தாமல் குடித்தவன். ஆனால் எங்களுக்கு அது பழக்கம், மாமாவுக்கு அது வேதம். காப்பியைக்கூட ஆற்றி ஆற்றி வெதுவெதுப்பாக்கி உயரத்திலிருந்து ஊற்றிக்கொள்வார். விருந்தாளி யாராவது டம்ளரில் உதடு வைத்துவிட்டால், அவர் வாசல்படி இறங்குவதற்குள் அந்த டம்ளர் புளி போட்டுத் தேய்க்கப்பட்டிருக்கும். தேய்ப்பவள் அக்கா.

அக்காவுக்குக் கழுத்தில் கழலை இருந்து, பாண்டிச்சேரியில் தைராய்டு ஆபரேஷன் செய்தார்கள். நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகு குரல் மட்டும் கம்மிப்போய் காற்று கலந்து வந்தது. கொஞ்சம் பேசினாலே மூச்சு வாங்கியது. மாமா அதை ஒரு நகைச்சுவையாக எல்லோரிடமும் சொன்னார். "ஆபரேஷன் பண்ணுனது கழுத்துக்கு, நிம்மதி எனக்கு. வீடே அமைதியா இருக்கு." கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் தண்ணீர் குடித்தால் இருமல் வரவும் ஆரம்பித்தது. குரல் போனதும் இருமல் வந்ததும் ஒரே நேரம் என்பது வீட்டில் இருந்த யாருக்கும் உறைக்கவில்லை.

முதல் வைத்தியம் தலையில் தட்டுவது. புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நெனைக்கிறாங்க" என்பார்கள். அக்காவை அந்த மாதத்தில் எத்தனை பேர்தான் நினைத்தார்களோ! காப்பிக்கு ஒருவர், மாத்திரைக்கு ஒருவர், மோருக்கு ஒருவர். மெனக்கெட்டு நினைக்கிறவர்களில் ஒருவராவது நேரில் வந்து, என்ன செய்கிறது என்று கேட்டிருக்கலாம்.

அடுத்து, உடம்புச் சூடு என்றார்கள். அப்புறம் வாயு. அப்புறம் தூசி. பக்கத்து வீட்டு அம்மாள் கற்பூரவல்லிக் கஷாயம் கொடுத்தாள், அந்தக் கஷாயத்துக்கே அக்கா இருமினாள். "பாத்தியா, மருந்து வேல செய்யுது, சளிய வெளிய தள்ளுது" என்று அந்த அம்மாள் மகிழ்ந்துபோனாள். மருந்துக்கடைக்காரன் ஒரு சிரப் கொடுத்தான். அது கொழகொழவென்று இருந்ததால் ஒழுங்காக உள்ளே போனது, பலன் ஒன்றுமில்லை. சேத்தியாத்தோப்பில் ஒருவர் லேகியம் தருகிறார் என்று யாரோ சொல்ல, மாமா போய் வாங்கி வந்தார். லேகியத்தை அக்கா இருமாமல் விழுங்கினாள். மாமா கையைத் தட்டி, "பாத்தியா மச்சான், நின்னுடுச்சு!" என்றார். கசப்பு தாங்காமல் அவள் மேலே ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அவ்வளவுதான். அன்றைக்கு அவள் இருமி முடிக்கிறவரை மாமா வாசலில் போய் நின்றுகொண்டார்.

கெட்டியாக இருப்பது இறங்குகிறது, நீர்த்தது மட்டும் புரையேறுகிறது. இதைப் பார்த்து அவர்கள் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? தண்ணீர் சரியில்லையாம்! போர் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேன் தண்ணீர் வாங்கினார்கள். இருமல் நிற்கவில்லை. காய்ச்சி ஆறவைத்தார்கள், சீரகம் போட்டார்கள், செம்புக் குடத்தில் ஊற்றிவைத்தார்கள். ஒரு ஒன்றுவிட்ட மச்சினன் கடலூரிலிருந்து அவன் வீட்டுத் தண்ணீரைக் கேனில் பிடித்துக்கொண்டு வந்து, "எங்க ஊட்டுத் தண்ணி தேன் மாதிரி இருக்கும்" என்று ஊற்றிக் கொடுத்தான். தேனாக இருந்திருந்தால் இறங்கியிருக்கும், தண்ணீர் அல்லவா! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்பார்கள். இவர்கள் களிமண்ணையே மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் தெருவில் சர்ச்சுக்குப் போகிற ஒரு அம்மா உண்டு. என் மனைவியோடு அக்காவைப் பார்க்க வந்தவர், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்துவிட்டு எழுந்து போனார். ஒரு மருந்தும் சொல்லவில்லை. அதற்காகவே அவருக்கு இன்றைக்கும் நான் வணக்கம் வைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலான வைத்தியத்தை மாமாதான் கண்டுபிடித்தார். என் எதிரிலேயே சொன்னார். "நீ அவசரப்பட்டு முழுங்குற. தலைய நல்லா பின்னால சாச்சி, தொண்டைய நீட்டி, ஒசரத்துலேருந்து ஊத்து. நேரா எறங்கிடும்." லாரிக்கு டீசல் ஊற்றுகிறவன்கூட அதைவிட யோசித்துப் பேசுவான். அக்கா அவர் சொன்னபடி செய்தாள். நாற்பது வருடமாக அவர் சொன்னபடி செய்தே பழகியவள், தொண்டையைப் பற்றி மட்டும் எதிர்த்தா பேசுவாள்? கழுத்து பின்னால் போகப் போக இருமலும் ஜாஸ்தியானது.

ஒரு நாள் மதியம் போயிருந்தேன். அக்கா அடுக்களையில் இருந்தாள். என்னை அவள் பார்க்கவில்லை. டம்ளரிலிருந்து ஒரு வாய் தண்ணீர் ஊற்றி, வாய்க்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டி, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, தொட்டியில் துப்பினாள். மறுபடி ஒரு வாய். மறுபடி துப்பினாள். ஈர நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டாள்.

"இன்னாக்கா பண்ற?"

"வாய் கொப்புளிக்கிறன்டா."

"தண்ணி குடிச்சியா இன்னிக்கி?"

"தாகமே இல்ல தம்பி."

உதடு வெடித்துக் கிடந்தது. கண் உள்ளே போயிருந்தது. சிறுநீர் போகும்போது எரிகிறது என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள், தலை சுற்றுகிறது என்று சொல்லியிருக்கிறாள். அக்கா தண்ணீருக்குப் பயந்துவிட்டாள். குழாயில் கொட்டுகிறது, குடத்தில் நிறைந்திருக்கிறது, கேன் கேனாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு நடுவில் ஒரு பெண் நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு உயிரோடு இருந்தாள். கூடத்தில் மாமா, தண்ணீர் குடிப்பதன் நன்மைகள் என்று செல்போனில் வந்த ஒன்றை யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் செல்போனைப் பிடுங்கிச் செம்புக் குடத்துக்குள் போட்டிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்து, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அந்த வாரமே காய்ச்சல் வந்தது. நெஞ்சு கரகரவென்று இரைந்தது. சிதம்பரத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலின் அடியில் நிமோனியா என்றார்கள். அங்கே இருந்தது ஒரு பெண் டாக்டர், என் மகள் வயது இருக்கும். இருமல் எப்போதெல்லாம் வருகிறது, குரல் எப்போது மாறியது என்று வரிசையாகக் கேட்டார். எத்தனையோ பேர் பதில் சொல்லிவிட்டுப் போன இடத்தில் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான். கடைசியில், "ஒரு வாய் தண்ணி குடிச்சிக் காட்டுங்கம்மா, பாக்கலாம்" என்றார்.

அக்கா ஒரு கையில் டிரிப்ஸ் ஊசியோடு படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மறு கையால் டம்ளரை உயரத் தூக்கினாள். தலையைப் பின்னால் சாய்த்து, மாமா சொல்லிக்கொடுத்தபடி தொண்டையை நீட்டினாள்.

"ஐயோ, நிறுத்துங்க!" டாக்டர் எழுந்தே விட்டார். "இப்படியா குடிக்கிறீங்க? தெனமும் இப்படித்தானா?"

மூக்கு வழியாகக் கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார்கள். விஷயம் இவ்வளவுதான். தொண்டையில் குரல் எழுப்புகிற மடிப்புகள் இரண்டு இருக்கின்றன. விழுங்கும்போது இரண்டும் சேர்ந்து மூச்சுக்குழாயின் வாசலை மூட வேண்டும். ஆபரேஷனில் நரம்பு அடிபட்டு, அக்காவுக்கு ஒரு பக்கத்து மடிப்பு அசையவில்லை. கதவில் ஒரு பலகை திறந்தே கிடக்கிறது. சோறு மெதுவாக வருவதால் தப்பித்துப் போய்விடும். தண்ணீர் வேகமாக வந்து அந்தச் சந்தில் இறங்கிவிடும். தலையை அண்ணாந்தால் வாசல் இன்னும் விரியும், ஊற்றுகிற தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். மாமாவின் கண்டுபிடிப்பில் ஒரு பாதி சரி. நேராகத்தான் இறங்கியது.

தண்ணீர் குடித்தால் இருமல் வருவதற்கு நூறு காரணம் உண்டு என்றும் டாக்டர் சொன்னார். அவசரமாகக் குடிப்பது, பேசிக்கொண்டே குடிப்பது, வயிற்றுப் புளிப்பு மேலே ஏறுவது, பக்கவாதம், நரம்புத் தளர்ச்சி. எதுவாக இருந்தாலும் விடாமல் வந்தால் காட்டிவிட வேண்டுமாம். அக்காவுக்குச் சொன்னது இது. "நேரா உக்காருங்க. தாடை நெஞ்சத் தொடுற மாதிரி குனிஞ்சிக்கோங்க. டம்ளர்ல வாய் வச்சி ஒரு மடக்கு மட்டும் உறிஞ்சி, முழுங்கிட்டு, அப்பறம் அடுத்த மடக்கு. நடுவுல பேசக் கூடாது. அடியில கொஞ்சம் மிச்சம் இருக்கும், அதுக்காகத் தலையத் தூக்காதீங்க, விட்ருங்க. தொண்டைக்குப் பயிற்சி சொல்லித்தரோம். சில மாசத்துல அந்தப் பக்கம் தானா அசைய ஆரம்பிக்கலாம். இல்லன்னா ஊசி போட்டு அந்த மடிப்பத் தடிமனாக்கலாம்."

அங்கேயே வாய் வைத்துக் குடித்தாள். இருமல் வரவில்லை. இன்னொரு மடக்கு. வரவில்லை. டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாமா, "சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர்" என்று பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையாட்டினார். வராந்தாவுக்கு வந்ததும் என் தோளைத் தொட்டு, "எச்சி பண்ணிக் குடிக்கச் சொல்லுதே அந்தப் பொண்ணு. இன்னா படிச்சிதோ மச்சான்" என்றார். பெண்டாட்டி சாகப் பிழைக்கக் கிடக்கும்போது டம்ளரின் விளிம்பைப் பற்றிக் கவலைப்படுகிறவனிடம் என்ன பேசுவது?

வீட்டுக்குப் போனதும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்தார்கள். அடையாளத்துக்கு அதன் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி, அடுக்களைக்குள் வரக் கூடாதென்று கொல்லையில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். தாகம் எடுத்தால் அக்கா அங்கே போய், கல்லின் மேல் உட்கார்ந்து, குனிந்து குடித்துவிட்டு, கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவாள். ஆனாலும் குடித்தாள். முகம் தெளிந்தது. கடலூருக்கு வந்துவிடு என்று நான் கூப்பிட்டேன். "பொண்ணுக்கு வளைகாப்பு வருதுடா. அது முடியட்டும், வரன்" என்றாள்.

தனி டம்ளரைப் பார்த்த சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆஸ்பத்திரி, இருமல், தனி டம்ளர். கூட்டிக் கழித்து டிபி என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒருத்தி மாமாவிடமே கேட்டாள். மாமா, "டாக்டர் தனியா வைக்கச் சொல்லியிருக்காங்க" என்று மட்டும் சொன்னார். இல்லை என்று சொல்லவில்லை. ஏனென்றால், டிபி இல்லை என்றால் வேறு என்னவென்று சொல்ல வேண்டும். என் பெண்டாட்டி வாய் வைத்துக் குடிக்கிறாள் என்று சொல்வதைவிட, அவளுக்கு டிபி என்று ஊர் நம்புவது அவருக்குப் பரவாயில்லை. இவரிடம் பாடம் படித்த பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

வளைகாப்பு சிதம்பரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. நல்ல வெயில். உள்ளே நுழையும்போதே மாமா அக்காவிடம் தாழ்ந்த குரலில், "இன்னிக்கி ஒரு நாள் பொறுத்துக்க. சம்பந்தி ஊட்டுக்காரங்க வராங்க. நாலு பேர் பாக்குற எடத்துல வாய் வச்சிக் குடிக்காத" என்றார். அக்கா தலையாட்டினாள். விடிந்ததிலிருந்து நின்றபடி வேலை பார்த்தவள். பூ, சந்தனம், வளையல் தட்டு, வருகிறவர்களுக்கு வணக்கம், உட்கார நாற்காலி. வேர்வை வழிந்துகொண்டே இருந்தது. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

மகளின் கன்னத்தில் சந்தனம் பூசிவிட்டுத் திரும்பியபோது அக்கா தள்ளாடினாள். யாரோ பிடித்து உட்காரவைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார்கள். அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா தாடையை லேசாக மேலே தூக்கிக் காட்டினார். அந்தச் சைகையை நான் பார்த்தேன். நான் எழுந்து போவதற்குள் அவள் அண்ணாந்து ஊற்றிக்கொண்டுவிட்டாள்.

இருமல் இல்லை அது. மூச்சு உள்ளே போக முடியாமல் விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். உதடு நீலமாகிவிட்டது. நாலைந்து கைகள் ஓடிவந்து உச்சந்தலையில் தட்டின. "யாரோ நெனைக்கிறாங்க, யாரோ நெனைக்கிறாங்க." நான் அவர்களைத் தள்ளிவிட்டு அவளை முன்பக்கமாகக் குனியவைத்து, முதுகைப் பிடித்துக்கொண்டேன். இருமல் வந்தது. இருமி இருமி, தண்ணீர் மூக்கு வழியாக வந்து, ஒருவழியாக மூச்சு திரும்பியது. சம்பந்தி அம்மாள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னுமா டிபி சரியாகல? புள்ளத்தாச்சிய எதுக்குப் பக்கத்துல வச்சிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

மாமா அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அக்கா என்னிடம் கை நீட்டி, "டம்ளர்" என்றாள். பந்திக்கு வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரில் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். எல்லோருக்கும் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையை நெஞ்சில் பதித்து, உதட்டை விளிம்பில் வைத்து உறிஞ்சினாள். விழுங்கினாள். மறுபடி உறிஞ்சினாள். மாமா வேகமாக வந்து குனிந்து, "எல்லாரும் பாக்குறாங்க. மானம் போவுது" என்றார். அக்கா ஒரு விரலைத் தூக்கி, இருங்கள் என்று காட்டினாள். குடிக்கும்போது பேசக் கூடாது அல்லவா? முன்னாள் தலைமையாசிரியர், மண்டபமே பார்க்க, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அவள் வாயில் இருந்ததை விழுங்கினாள். டம்ளரை இறக்கினாள். காற்று கலந்த அந்தக் குரலில் மெதுவாகத்தான் பேசினாள். மண்டபம் அமைதியாக இருந்ததால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"எனக்கு டிபி இல்ல. தொண்டையில ஒரு நரம்பு வேல செய்யல. வாய் வச்சிக் குடிச்சாதான் உயிரோட இருப்பேன். இவருக்கு அது வெக்கமா இருக்கு."

பிறகு, அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்த டம்ளரை மாமாவிடமே நீட்டினாள். "இன்னும் தாகமா இருக்குங்க. கொண்டாங்க."

மாமா அந்த டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். வளையல் அடுக்கிய கையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகள், "வாங்கிக்கிட்டுப் போங்கப்பா" என்றாள். இரண்டு விரலால் பிடித்து வாங்கினார். அவர் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கு ஆசையில்லை, அவர் திருந்தவும் இல்லை. செத்த எலியைத் தூக்கிப்போகிறவர் மாதிரி அதை உடம்பில் படாமல் பிடித்துக்கொண்டு, அத்தனை சொந்தக்காரர்களுக்கும் நடுவே நடந்துபோய், நிரப்பிக்கொண்டு வந்தார். அக்கா வாங்கி, குனிந்து, மடக்கு மடக்காகக் குடித்தாள். அவர் அங்கேயே நின்றார்.

மூன்றாவது டம்ளரும் கேட்டாள்.